ரெண்டு காலையும் சேர்த்துப் பாத்தியா?

அக்கா வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மாவின் போர்வையை முழங்கால்வரை விலக்கிக் குனிந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “ரெண்டு காலையும் சேர்த்து வச்சுப் பாத்தியாடா?”

பார்த்திருக்கவில்லை. இரண்டு நாளாக நான் பார்த்ததெல்லாம் இடது காலை மட்டும்தான். தலையணை வைத்து உயர்த்தினேன். மெல்ல நீவிவிட்டேன், அப்படி நீவக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்திலேயே கிடந்த வலது காலோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா இரண்டையும் ஒட்டி வைத்ததும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடது கெண்டைக்கால் தடித்து, தோல் இழுபட்டுப் பளபளத்தது. தொட்டால் சுட்டது.

அன்று மாலையே, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிட்டது. காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வரக்கூடியது என்று மருத்துவர்கள் முன்கூட்டியே எச்சரிக்கும் ஆபத்து இது. கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம். அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுத் தேறிவிட்டாள். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அந்த எச்சரிக்கை இருந்தது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ உடனே வர வேண்டும் என்று. அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. போட்டவன் நான்தான். அந்தத் தாள் அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தது.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமே இல்லை. தெரிந்திருந்தும் இரண்டு நாள் எப்படிக் கோட்டை விட்டேன்? இந்தக் கேள்வியை விடவே முடியவில்லை. அதற்காகத்தான் தூக்கத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இடுப்பெலும்பு அறுவைசிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அந்த மூன்று வாரமும் எப்படிப் போயின என்று சொல்லிவிடுகிறேன். அம்மா இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவாள். திரும்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்பேன் வைக்க வேண்டும், சில இரவுகளில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பயந்துபோனவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேலை கணக்குத் தணிக்கை. வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். பகலில் முடியாததை அம்மா கண்ணயர்ந்த பிறகு இரவில் முடிப்பேன். துண்டு துண்டாகக் கூட்டினால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத் தூக்கம் தேறும்.

அக்கா தினமும் கூப்பிடுவாள். “நான் ஒரு வாரம் வந்து இருக்கேன்டா. நீ கொஞ்சம் தூங்கு.” தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். “வேணாம்க்கா. எனக்குப் பழகிடுச்சு.”

பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பழகிவிட்டது என்றுதான் நம்பினேன். முதல் நாலைந்து நாள் கண் எரிந்தது, தலை கனத்தது. அப்புறம் அதெல்லாம் மட்டுப்பட்டுவிட்டது. அதோடு என் கையில் ஆதாரமும் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் சரிபார்த்த கணக்குகளில் ஒரு பிழைகூட வரவில்லை. மேலதிகாரி பாராட்டி எழுதியிருந்தார். மூளை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைக் காட்டிய ஆய்வை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். 1999இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவோன் ஹாரிசனும் ஜிம் ஹோர்னும் செய்தது. ஓர் இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களுக்கு இரண்டு விதமான வேலை கொடுத்தார்கள். ஒன்று, ஒரு பத்தியைப் படித்துத் தர்க்கப்படி விடை சொல்லும் தேர்வு. இன்னொன்று, வியாபார விளையாட்டு. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்க வேண்டும், ஆட்டம் போகப் போகப் புதுத் தகவல்கள் வந்துகொண்டே இருக்கும், போட்டியாளர்கள் வருவார்கள், நேற்று லாபம் தந்த வழி இன்று தராது.

தர்க்கத் தேர்வில் தூங்காதவர்கள் தூங்கியவர்களுக்குச் சளைக்கவில்லை. விளையாட்டிலும் தொடக்கத்தில் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் நிலைமை மாறிய பிறகும் முதலில் பலன் கொடுத்த உத்தியையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்க வேண்டும் என்ற அக்கறை குறையவில்லை, முயற்சியிலும் குறையில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் ஆட்டம் அப்படியே சரிந்துவிட்டது.

நான் எழுந்து போனதற்குக் காரணம் முதல் வாரத்தில் நடந்த ஒன்று. அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கத் தொடங்கிய நாளில் இரண்டு பாதமும் வீங்கின. கால்களைத் தொங்கப் போட்டிருந்ததால் வந்த வீக்கம். தலையணை வைத்து உயர்த்தினேன், காலையில் வடிந்துவிட்டது. அது சரியான முடிவு, பலன் கொடுத்த முடிவு. மூன்றாம் வாரத்தில் வந்தது வேறு வீக்கம். ஒரு காலில் மட்டும், பாதத்தில் இல்லாமல் கெண்டைக்காலில், வலியோடு, விடிந்த பிறகும் வடியாமல். ஒவ்வோர் அடையாளமும் ‘இது வேறு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு தலையணையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கணக்குச் சரிபார்ப்பில் விதி மாறுவதில்லை. வரவு வரவுதான், செலவு செலவுதான். தெரிந்த தடத்தில் கவனமாக நடந்தால் போதும். தூக்கம் கெட்ட மூளை இந்த மாதிரி வேலையை, முக்கித் தக்கியாவது, நெடுநேரம் தாக்குப்பிடித்துச் செய்துவிடுகிறது. அது கைவிடுவது வேறோர் இடத்தில். தடம் மாறிவிட்டது என்று உணர்வதில், ‘நான் நினைத்தது தப்போ’ என்று ஒரு கணம் நிற்பதில். முடிவெடுப்பதன் உயிரே அந்தக் கணத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை இழந்துவிட்டு மற்ற எல்லாத் திறமையையும் வைத்துக்கொண்டிருப்பவன் முட்டாளைவிட ஆபத்தானவன். அவனை மற்றவர்கள் நம்புவார்கள். அவனே அவனை நம்புவான்.

அமெரிக்க ராணுவத்தின் தூக்க ஆய்வாளர்கள் பதிவு செய்த ஒத்திகை ஒன்றும் இதையேதான் சொல்கிறது. பீரங்கிப் படைக்குக் குறி கணக்கிட்டுக் கொடுக்கும் குழுவினரைத் தூங்கவிடாமல் போர்ச் சூழல் போலவே தொடர்ந்து வேலை வாங்கினார்கள். 36 மணி நேரம் ஆன பிறகும் தூரம், கோணம், உயரம் எல்லாம் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். ஆனால் தம் படை எங்கே இருக்கிறது, எதிரி எங்கே, நடுவில் என்ன இருக்கிறது என்று குறித்துவைக்கும் வரைபடத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். தொடக்கத்தில், மருத்துவமனை இருக்கும் இடத்தைக் குறிவைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் நின்று கேள்வி கேட்டவர்கள் அவர்கள். பிறகு கேட்கவில்லை. சரியாகக் கணக்கிட்டு, சுட்டிருப்பார்கள். என் பிழையில்லாத கணக்குத் தாள்களையும் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் இந்த ஒத்திகைதான் நினைவுக்கு வருகிறது.

மூளைக்குள் ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்துகிறது. தூங்கினால் வடிகிறது. இந்த அழுத்தத்தில் முதலில் தொய்வடையும் பகுதிகளில் ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, பழைய கருத்தை விட்டுப் புதியதைப் பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்பு.

இதைவிட என்னை உலுக்கிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. 2011இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. நெடுநேரம் விழிக்க வைக்கப்பட்ட எலிகளின் மூளையை அளந்து பார்த்தார்கள். எலி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது, கண் திறந்துதான் இருக்கிறது, மூளை அலைகளும் மொத்தத்தில் விழிப்பைத்தான் காட்டுகின்றன. ஆனால் உள்ளே அங்கங்கே சில நரம்பணுக் கூட்டங்கள் மட்டும் தூக்கத்தில் போல ஒரு நொடிக்கும் குறைவாக அணைந்து அணைந்து எரிகின்றன. சர்க்கரை வில்லையை எட்டி எடுக்கும் நேரத்தில் அதற்கான பகுதியில் அப்படி அணைந்தால் எலி வில்லையைத் தவறவிடுகிறது. அப்படியானால் விழித்திருக்கும்போதே மூளையின் ஒரு மூலை தூங்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவனுக்கும் தெரியாது.

2015இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை என் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். திரையில் எண்கள் வரும். சில எண்களுக்குப் பொத்தானை அழுத்த வேண்டும், சிலவற்றுக்குக் கூடாது. எது எது என்பதைச் சரி, தப்பு என்று வரும் பதிலை வைத்தே கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்ட பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் விதியைத் தலைகீழாக்கிவிடுவார்கள். தூங்கி வந்தவர்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் புது விதியைப் பிடித்துக்கொண்டார்கள். 62 மணி நேரம் விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் பிடிக்கவே இல்லை. ‘தப்பு’ என்று திரை சொல்வதை அவர்கள் பார்க்காமல் இல்லை. அது உறைக்கவில்லை. பின்விளைவு காட்டும் பாடம் மழுங்கிப்போகிறது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம்மிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: சுரணை. தப்பு செய்துவிட்டோம் என்ற சுரணை மரத்துப்போவது.

நான் 62 மணி நேரம் விழித்திருக்கவில்லையே, தினமும் நாலு மணி நேரம் தூங்கினேனே என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கியதும் உண்டு. ‘பழகிடுச்சு’ என்ற சொல் இங்கேதான் வருகிறது.

2003இல் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் முதலியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. 48 ஆரோக்கியமான ஆட்கள். ஒரு பிரிவினருக்கு இரவு 8 மணி நேரம் படுக்கை, ஒரு பிரிவினருக்கு 6, இன்னொரு பிரிவினருக்கு 4. இப்படி 14 நாள். நான்காவது பிரிவினர் மூன்று இரவு தொடர்ந்து தூங்காமல் இருந்தார்கள். கவனத்தையும் நினைவையும் பகல் முழுக்கச் சோதித்தார்கள். 6 மணி நேரம் தூங்கியவர்கள் இரண்டு வார முடிவில் ஓர் இரவு முழுக்க விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். 4 மணி நேரக்காரர்கள் இரண்டு இரவு விழித்தவர்களின் நிலைக்கு. சரிவு எங்கும் நிற்கவில்லை, நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது.

அதே ஆட்களிடம் ‘உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது’ என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் சில நாள் அந்தக் கோடு ஏறியது. பிறகு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. திறன் சரிந்துகொண்டே போக, அவர்களுக்கு மட்டும் ‘கொஞ்சம் அசதி, மற்றபடி பரவாயில்லை’.

என் கண் எரிச்சலும் தலைப் பாரமும் ஐந்தாம் நாள் மட்டுப்பட்டதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. பழகியது உடம்பு இல்லை. அலாரம் பழகிப்போயிருந்தது. புகை நிறைந்த அறையில் அலாரம் ஓய்ந்துபோனதை, தீ அணைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குடித்தவனுக்குத் தன் மீது ஓரளவு சந்தேகம் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு வாடையாவது வரும். ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் ஒரே ஆட்களை ஒரு முறை விழிக்க வைத்தும், இன்னொரு முறை மது கொடுத்தும் ஒரே சோதனையைச் செய்ய வைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் திறனுக்குச் சமமாக இருந்தது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு அது. 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில்தான் எத்தனை பேர் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதுகிறோம், எத்தனை பேர் உறவை முறித்துக்கொள்கிறோம்.

உறவு என்றதும் அதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரக் கடைசியில் அக்கா கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்: “நீ பேசுறதே சரியில்லடா. நாளைக்கே கிளம்பி வர்றேன்.” நான் கத்தினேன். “நீ வந்தா அம்மாவுக்கு இன்னும் குழப்பம்தான். இத்தன நாளா எங்க இருந்த?” என்று கேட்டேன். தன் மகனின் தேர்வுக்காக அவளால் வர முடியாமல் இருந்தது, அது எனக்கும் தெரியும். போனை வைத்த பிறகு ஒரு தெளிவு வந்தது. ஆமாம், தெளிவு என்றுதான் அதை உணர்ந்தேன். இத்தனை நாள் மூடி வைத்திருந்த உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி. அவள் அதன் பிறகு நாலு நாள் வரவில்லை. வந்திருந்தால் அந்த வீக்கத்தை முதல் நாளே பார்த்திருப்பாள்.

2007இல் தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கரின் குழு வெளியிட்ட ஆய்வில், சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அச்சத்தையும் கோபத்தையும் தூண்டும் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதைப் பிடித்து நிறுத்தும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. கடிவாளம் கையை விட்டுப் போன பிறகு குதிரையின் வேகத்தை நான் தெளிவு என்று நினைத்தேன்.

பணத்தை வைத்துச் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. மூளை ஆய்வாளர் மைக்கேல் சீ இருந்த சிங்கப்பூர் குழு 2011இல் கண்டது: ஓர் இரவு தூக்கம் போனவர்கள் நட்டத்தைத் தவிர்ப்பதிலிருந்து லாபத்தைத் துரத்துவதற்குச் சாய்கிறார்கள். லாபத்துக்குத் துடிக்கும் பகுதி கூடுதலாகத் துடிக்கிறது, நட்டம் சுட வேண்டிய பகுதி மந்தமாகிறது. நள்ளிரவில் பங்கு வாங்குபவர்களும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எனக்கு அந்த அனுபவம் இல்லாததால் மேலே போகிறேன்.

பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய இரவு, இந்தக் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்காது என்று பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கையைத் தாண்டித்தான் ஏவுவதாக முடிவானது. விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கை, அந்த முடிவில் பங்கேற்ற சில மேலாளர்கள் மிகக் குறைவாகத் தூங்கியிருந்ததையும் குறிப்பிடுகிறது. எல்லாப் பழியையும் தூக்கத்தின் மேல் போட முடியாது. காலக்கெடு இருந்தது, அமைப்பின் அழுத்தம் இருந்தது. ஆனால் ‘வேறு மாதிரி யோசிப்போமே’ என்று கூட்டத்தில் ஒருவர் நிற்க வேண்டிய கணம் ஒன்று இருந்தது.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். அந்த அறிக்கையைப் படிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. தலைமை விமானி பறக்கும்போது நெடுநேரம் தூங்கியிருக்கிறார். விமானி அறை ஒலிப்பதிவில் குறட்டை கேட்கிறது. விழித்துக் கொஞ்ச நேரத்திலேயே தரையிறக்க வேண்டியிருந்தது. விமானம் வர வேண்டிய உயரத்தைவிட மேலே வருகிறது. துணை விமானி, இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று மூன்று முறை சொல்கிறார். எச்சரிக்கைக் கருவியும் கத்துகிறது. தலைமை விமானி எடுத்த முடிவை மாற்றவில்லை. தூங்கி எழுந்ததும் மூளையில் தங்கும் மந்தம் அவருடைய தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை மன்றம் எழுதியது.

இந்த விழிப்பு மந்தம் பலருக்கும் தெரியாத விஷயம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பிறகு பொதுவாக 15 முதல் 30 நிமிடம், சில சமயம் அதற்கும் மேல், மூளை முழுதாக வந்து சேர்வதில்லை. ஏற்கெனவே தூக்கக் கடன் இருந்தால் இன்னும் மோசம். அம்மா கூப்பிட்டதும் எழுந்து, அரை நிமிடத்துக்குள் அவள் காலைப் பார்த்து, ‘அதே வீக்கம்தான்’ என்று தலையணையை வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். இரண்டு இரவும் அப்படித்தான். பகலில் பார்த்தபோது இரவில் எடுத்த முடிவு ஏற்கெனவே தயாராக இருந்தது.

காபி குடித்தேனே என்றால், குடித்தேன், நிறைய. காஃபின் செய்வது ஒன்றுதான்: அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் போகிறது. கண்ணைத் திறந்து வைக்கும், எதிர்வினை வேகத்தை ஓரளவு மீட்கும். ஆனால் ஆபத்தை எடைபோடும் சூதாட்டச் சோதனை ஒன்றில் தூக்கமிழந்தவர்களுக்குக் காஃபின் கைகொடுக்கவில்லை என்று தூக்க ஆய்வாளர் வில்லியம் கில்கோரின் ஆய்வு காட்டியது. உறக்கம் வராமல் இருப்பதும் தீர்மானம் தெளிவாக இருப்பதும் வெவ்வேறு. அதோடு காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தது எனக்குக் கிடைத்த அந்த நாலு மணி நேரத்தையும் அரித்திருக்கும்.

எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே எண்ணம். வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டது என் பெரிய தவறு இல்லை. அதற்கு முன்பே, தினமும், ‘வேணாம்க்கா’ என்று சொன்னதுதான். தூங்காமலே தொடரலாம் என்ற தீர்மானத்தை ஒவ்வொரு நாளும் புதுப்பித்தேன். அதை எடுத்தது எந்த மூளை? தூங்காத மூளை. அது தன்னைப் பரிசோதித்துத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டது. நீதிபதியும் அதுவே, குற்றவாளியும் அதுவே. இந்த வளையத்தை உள்ளேயிருந்து உடைக்க முடியாது, வெளியிலிருந்து ஒரு கை வர வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று சொல்வது காயத்தில் உப்பு வைப்பது போல. எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று மறக்கவில்லை. தூங்க முடியாத காலங்கள் வாழ்க்கையில் வரும். அப்போது குறைக்கக்கூடியது முடிவுகளின் எண்ணிக்கையைத்தான்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முக்கியமான முடிவுகளை, தெளிவாக இருக்கும் பகலிலேயே எடுத்து எழுதி வைத்துவிடுகிறேன். சுவரில் ஒட்டியிருந்த தாள் ஏன் பயன்படவில்லை என்று நிறைய யோசித்தேன். அதில் ‘வீங்கினால்’ என்றிருந்தது. வீக்கமா இல்லையா, எந்த மாதிரி வீக்கம் என்று தீர்மானிக்கும் வேலையை அது என் தூங்காத மூளையிடமே விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, டேப்பை வைத்து முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு கெண்டைக்காலையும் அளக்க வேண்டும், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கலாம். மருத்துவர்களே எடைபோடும் அளவு அது. அதற்குக் குறைவாக இருந்தாலும் கெண்டைக்காலில் வலியோ சூடோ இருந்தால் கூப்பிட வேண்டும் என்று இன்னொரு வரி. எண்ணைப் படிக்கும் திறன் என்னிடம் இருந்தது. அதுதான் என் தொழில்.

கோபத்தில் எழுதும் எதையும் இரவில் அனுப்புவதில்லை. எழுதுவேன், அனுப்ப மாட்டேன். கால்மணி அரைமணித் தூக்கத்தைக் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு எதையும் தீர்மானிப்பதில்லை. பிறகு, எனக்கு எதிராக முடிவெடுக்கும் உரிமையை ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் கேட்காமல் என்னைப் படுக்கப் போகச் சொல்லும் உரிமை. அதை நான் தெளிவாக இருந்த நாளில் கொடுத்தேன், திரும்பப் பெற முடியாத மாதிரி.

மருத்துவமனைகளே இதைக் கற்றுக்கொள்ள நாளாயிற்று. 2004இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கும் மேலான தொடர் பணி செய்த பயிற்சி மருத்துவர்கள், குறுகிய பணிமுறையில் இருந்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தது தெரிந்தது. படித்தவர்கள், தேர்ந்தவர்கள், மனம் வைத்துச் செய்தவர்கள். அவர்களுடைய மன உறுதியைக் கூட்டி யாரும் அந்தத் தவறுகளைக் குறைக்கவில்லை. பணி அட்டவணையை மாற்றினார்கள்.

போன வருடம் அம்மாவுக்கு மறுபடியும் ஓர் அறுவைசிகிச்சை, இந்த முறை முழங்காலில். அக்கா முதல் நாளே வந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் போனில் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அத விடு, போய்ப் படு” என்றாள். இரவு இரண்டு மணிக்கு மேல் அவள் முறை, அதுவரை என் முறை என்று பிரித்துக்கொண்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் அளவு டேப்பும் வைத்தோம். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஏழு மணிநேரம் அசையாமல் தூங்கி எழுந்து வந்து நோட்டைப் புரட்டினேன். அதிகாலை 3.40 என்று நேரம் போட்டு அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: ‘அம்மா முழங்கால் வலிக்குதுன்னு சொன்னா. அளந்தேன். இடது 32, வலது 32½. சூடு இல்ல. உன்ன எழுப்பல.’